எக்மோர் ஸ்கொட்ச் கோயில் ஏன் வட்டமா இருக்கு, அதப் பாத்து நாங்களும் அப்பிடிக் கட்டலாமா?

தம்பி, உங்கட கேள்விய ரெண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் எழுதத் தொடங்கிறன். அம்மாவிட கண் ஒப்பரேஷனுக்கு மெட்ராஸ் போனீங்க, எக்மோர்ல நிண்ட லொட்ஜுக்குக் கிட்ட வெள்ளை வெளேரெண்டு, கூர்க்கோபுரம் வச்ச ஒரு பெரிய சேர்ச்சக் கண்டு உள்ளுக்க போனீங்க, வெளியால பாக்க நீட்டுக் கட்டடம் மாதிரி இருந்தது உள்ளுக்க போனா வட்டமா இருக்கு, அண்ணாந்து பாத்தா நீல வானமும் நட்சத்திரமும். வாசல்ல நிண்டவர் இது பிரெஸ்பிட்டேரியன் ஆக்கள் கட்டினது எண்டு சொல்லியிருக்கிறார். ஆடம்பரம் வேணாம் எண்ட ஆக்கள் ஏன் இப்பிடிக் கட்டினாங்க, ஏன் வட்டம், மரம் ஒண்டும் தெரியாம அந்தக் கூரை எப்பிடி நிக்குது, கொழும்பு வுல்வெண்டால் கோயிலும் இதே வழி எண்டா அது ஏன் குருசு மாதிரி இருக்கு எண்டு வரிசையாக் கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில, போற போக்கில கேட்ட மாதிரி, "உப்புவெளியில எங்கட சபைக்கு 120 பேர் இருக்கிற மண்டபம் கட்டப் போறம், அதையும் வட்டமாக் கட்டினா என்ன" எண்டு ஒண்டு கேட்டிருக்கீங்களே, அதுதான் உங்கட உண்மையான கேள்வி எண்டு எனக்குப் படுது. மிச்சமெல்லாம் அதுக்கு வழி. அதால சரித்திரத்தையும் அந்த மண்டபத்த மனசில வச்சுக்கொண்டே சொல்றன்.

முதல்ல என்ர நிலைமையச் சொல்லிப்போட்டன் எண்டா நல்லம். நான் திருகோணமலையில தொழில்நுட்ப உத்தியோகத்தரா முப்பது வருசத்துக்கு மேல வேலை செய்து ரிட்டயர் ஆன ஆள். கிணறு, தண்ணித் தாங்கி, பள்ளிக்கூடக் கட்டடம், கொஞ்சம் பழைய சுண்ணாம்புக் கட்டடத் திருத்தம், இதுதான் என்ர உலகம். வேதசாஸ்திரம் எனக்கு வராது, நான் கோணேசர் கோயிலுக்குப் போற ஆள். அந்த எக்மோர் கோயிலுக்குள்ள ரெண்டு தரம் போயிருக்கிறன், ரெண்டு தரமும் சாமி கும்பிட இல்ல, கூரை பாக்க. அதால எங்க எழுதி வச்ச சங்கதி முடியுது, எங்க என்ர தொழில் ஊகம் தொடங்குது எண்டத அங்கங்க பிரிச்சுச் சொல்றன், கலந்து வாசிச்சிடாதீங்க.

பிரெஸ்பிட்டேரியன் எண்ட சொல்லு கிரேக்கத்தில மூப்பர் எண்ட சொல்லில இருந்து வந்தது. பிஷப் எண்டு மேல ஒருத்தர் இல்லாம, சபையில தெரிஞ்செடுத்த மூப்பர்கள் கூடி நடத்திற முறை. 1560ல ஸ்கொட்லாந்து பாராளுமன்றம் பாப்பரசர வேணாம் எண்டு வெட்டி விட்டதுக்குப் பிறகு ஜோன் நொக்ஸ் எண்ட சீர்திருத்தக் குருவிட ஆக்கள் வளத்தெடுத்த சபை அது. கட்டடத்துக்கு இதில என்ன கிடக்கு எண்டு கேப்பீங்க. கனக்கக் கிடக்கு. கத்தோலிக்கக் கோயில்ல எல்லாரிட கண்ணும் போக வேண்டிய இடம் பலிபீடம், அது தூரத்தில, உயரத்தில, கிழக்குக் கடைசியில இருக்கும், நீட்டு மண்டபத்தில நடந்து நடந்து அங்க போகோணும், அந்த நடையே ஒரு பக்தி. எங்கட மூலஸ்தானம் மாதிரி எண்டு வைங்களன். ஸ்கொட்லாந்துக்காரருக்கு அது வேணாம், அவங்களுக்கு முக்கியம் வேதம் வாசிக்கிறதும் பிரசங்கமும். அப்ப கண்ணுக்குக் கட்டினது போய் காதுக்குக் கட்டிறது வந்திட்டுது. பிரசங்கம் பண்றவரிட வாயில இருந்து கடைசி ஆளிட காது எவ்வளவு தூரம், இதுதான் அவங்கட முதல் கணக்கு. இராப்போசனப் பந்திக்கு ஒரு மேசை வேணும், அத ஆக்களுக்கு நடுவில வச்சாலும் பரவாயில்ல.

இந்தக் கணக்கில இருந்துதான் குருசும் வட்டமும் எண்கோணமும் எல்லாம் வந்தது. ஸ்கொட்லாந்தில பேர்ண்டைலண்ட் எண்ட துறைமுக ஊரில 1592ல தொடங்கின கோயில் சதுரம், சுத்தி வர ஆக்கள் இருப்பாங்க. அம்ஸ்டர்டாமில 1620ல தொடங்கி 1623ல முடிச்ச வடக்குக் கோயில் நாலு கையும் ஒரே நீளமான குருசு. ஒல்லாந்தரிட சீர்திருத்த சபையும் மூப்பர் முறைதான், ஸ்கொட்லாந்துச் சபைக்கு ஒண்டவிட்ட சகோதரம் மாதிரி. அந்த நாலு கைச் சமன் குருசுதான் இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள 1706ல கட்டினது அது, கொழும்பில 1749ல தொடங்கி 1757ல திறந்த வுல்வெண்டால் அது. குருசு எண்டத இயேசுவிட சிலுவைக்காக மட்டும் எண்டு நினைச்சா பாதிதான் சரி. நாலு கையும் சமன் எண்டா நடுவில நிக்கிறவர் எல்லாக் கைக்கும் ஒரே தூரம், அதுதான் விசயம். யாழ்ப்பாணக் கோட்டைக் கோயில நான் பொடியனா இருக்கேக்க ஒருக்காப் பாத்தனான், தரை முழுக்கக் கல்லறைக் கல்லு, எழுத்து வெட்டின கல்லுக்கு மேல கால் வைக்கப் பயந்து ஓரத்தால நடந்தது மட்டும் நல்ல ஞாபகம். பிறகு யுத்தத்தில அது மண்மேடாப் போச்சு. வுல்வெண்டால் தப்பியிருக்கு, கபொக் எண்ட செம்மண் கல்லில கிட்டத்தட்ட அஞ்சு அடித் தடிப்புச் சுவர், அடுத்த முறை கொழும்பு போனா ஜன்னல் விளிம்பில கைய நீட்டிப் பாருங்க, முழங்கைக்கு மேல போகும். அதுக்கு மேல முந்தி ஒரு பித்தளைச் சிங்கம் ஏழு அம்பு பிடிச்சுக்கொண்டு நிண்டது, ஏழு அம்பும் ஒல்லாந்தரிட ஏழு மாகாணம். 1856ல இடி விழுந்து அது போயிட்டுது.

சரி, எக்மோருக்கு வாறன். 1813ல கிழக்கிந்தியக் கம்பனியிட பட்டயத்தப் புதுப்பிச்ச நேரம் ஸ்கொட்லாந்துக்காரர் சண்டை பிடிச்சு, கம்பனிச் செலவில தங்கட சபைக் குருமாரையும் அனுப்ப வச்சாங்க. கம்பனியில ஸ்கொட்லாந்து ஆக்கள் கனபேர், பட்டாளம், டொக்டர், கிளார்க் எல்லாத்திலயும் இருந்தாங்க, அவங்களுக்கு ஒரு கோயில் இல்லாம இங்கிலாந்துச் சபைக்கு மட்டும் கோயில் எண்டா விடுவாங்களா. அப்பிடிக் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூண்டு இடத்திலயும் சென். அன்ட்ரூஸ் எண்ட பேரில மூண்டு கோயில் வந்தது, 1818, 1819, 1821. கல்கத்தாவில நடந்த கூத்து ஒண்டு சொல்லுவாங்க. அங்க இருந்த ஸ்கொட்ச் குருவுக்கும் ஆங்கிலிக்கன் எண்ட இங்கிலாந்துச் சபையிட பிஷப்புக்கும் பொருத்தமில்ல, ஆற்ற கோபுரம் உயரம் எண்டதில தொடங்கின சண்டை, கடைசியில குரு தன்ர கோபுர உச்சியில ஒரு சேவல் வச்சாராம், பிஷப்பப் பாத்துக் கூவட்டும் எண்டு. சேவல் இருக்கிறது உண்மை, கூவச் சொல்லித்தான் வச்சதா எண்டது ஊர்க்கதை. ஆனா அந்தக் காலத்து மனநிலை இதில விளங்கும், ஆடம்பரம் வேணாம் எண்ட சபை ஏன் 166 அடி கோபுரம் கட்டினது எண்ட உங்கட கேள்விக்கு அரைவாசி விடை இதுதான்.

மிச்ச அரைவாசி விடை முன் முகப்பில எழுதியே கிடக்கு. வாசல்ல ரெண்டு வரிசையா பன்னிரண்டு பெரிய தூண், அதுக்கு மேல முக்கோணம், அந்த முக்கோணத்தில சிங்கமும், அரச முத்திரை வாசகமும், கம்பனியிட வாசகமும். கம்பனி வாசகத்திட அர்த்தம் அரசரும் இங்கிலாந்துப் பாராளுமன்றமும் தந்த ஆதரவில எண்ட மாதிரி வரும். வேத வசனம் இருக்க வேண்டிய இடத்தில கம்பனிட முத்திரை. காசு ஆர் தந்ததோ முகமும் அவங்கட தான், எங்கட பக்கத்தில நன்கொடையாளர் பேர் போட்ட கல்லு வாசல்லயே வைக்கிற மாதிரி. அந்த முகம் புதுசாக் கண்டுபிடிச்சதும் இல்ல. லண்டன்ல ஜேம்ஸ் கிப்ஸ் எண்டவர் கட்டி 1726ல முடிச்ச சென். மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் எண்ட கோயிலிட முகம் அது. முன்னுக்குத் தூண் மண்டபம், அதுக்குப் பின்னால கூரைக்கு மேல குந்தின மாதிரி கோபுரம். கிப்ஸ் 1728ல தன்ர பிளானெல்லாம் போட்டுப் புத்தகமா அடிச்சு விட்டார், அதுக்குப் பிறகு உலகம் முழுக்க இங்கிலிஷ்காரர் போன இடமெல்லாம் இதே முகம்தான்.

ஆக முகம் கடன் வாங்கினது. உள்ளுக்க இருக்கிற வட்டம்தான் அந்தக் கட்டடத்திட சொந்தச் சரக்கு. 81 அரை அடி விட்டம், கிழக்கும் மேற்கும் நீள்சதுரமா ரெண்டு பகுதி ஒட்டியிருக்கு, அதாலதான் வெளியால நீட்டுக் கட்டடம் மாதிரித் தெரிஞ்சு உங்கள ஏமாத்தினது. வட்டத்துக்குள்ள பதினாறு தூண், அதுக்கு மேல ஆழமில்லாத குவிமாடம். கட்டினவர் மேஜர் தோமஸ் ஃபியொட் டி ஹெவிலண்ட், மெட்ராஸ் பட்டாள எஞ்சினியர், அவருக்கு மூத்த அதிகாரி கேர்ணல் ஜேம்ஸ் கோல்ட்வெல்லும் கூட. 1818 ஏப்ரல்ல அத்திவாரக் கல்லு, 1821 பெப்ரவரியில திறப்பு, மூண்டு வருசத்துக்குள்ள. இதெல்லாம் நிச்சயமான சங்கதி. வட்டம் எண்ட யோசனை எங்க இருந்து வந்தது எண்டதுதான் ஊகம். கிப்ஸிட அந்தப் புத்தகத்திலயே சென். மார்ட்டினுக்கு முதல்ல போட்டு, செலவு கூட எண்டு தள்ளி விட்ட ஒரு வட்டப் பிளான் இருக்கு. எடின்பரோவில 1784ல திறந்த சென். அன்ட்ரூஸ் கோயில் முட்டை வடிவம், அதப் பிளான் போட்டவரும் ஒரு பட்டாள எஞ்சினியர் மேஜர்தான், அன்ட்ரூ ஃபிரேசர் எண்டு. முகத்த லண்டன்ல இருந்து எடுத்தவங்க உடம்பையும் அதே புத்தகத்தில தள்ளி விட்ட பக்கத்தில இருந்து எடுத்திருப்பாங்க, முட்டைக் கோயில நேர பாத்து வளந்த ஸ்கொட்ச் ஆக்களும் தலையாட்டியிருப்பாங்க எண்டது என்ர எண்ணம். அதுக்குக் கடிதமோ ஒப்பமோ காட்டச் சொன்னா என்னட்ட இல்ல, பிளானப் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்து வாற எண்ணம்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடம், அத்திவாரம். எக்மோர் நிலம் கூவம் ஆத்துக்குக் கிட்ட, மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி மண். அந்த மண்ணில ஒரு பக்கம் 166 அடிக் கோபுரம், மற்றப் பக்கம் அவ்வளவு பாரமில்லாத வட்டம். ஒரே கட்டடத்தில பாரமும் இலேசும் ஒட்டி நிண்டா ஒண்டு கூட இறங்கும் மற்றது குறைய இறங்கும், ரெண்டுக்கும் நடுவில வெடிப்பு விழும், இது எங்கட தொழில்ல அரிச்சுவடி. அவங்க செய்தது என்னெண்டா கிணறு இறக்கினது. வளைஞ்ச செங்கல்லு தனியாச் சுட்டு, சுடுமண் வளையமும் போட்டு, 150 கிணறு மட்டில இறக்கி, இறுகின மண்ணைத் தொட்ட பிறகு அதுக்கு மேல கட்டினாங்க. கன்னியாவில ஏழு கிணறு பாத்திருப்பீங்க, இங்க நூத்தைம்பது, ஒண்டிலயும் தண்ணி அள்ள இல்ல. இது சீமையில இருந்து வந்த வித்தை இல்ல, எங்கட ஆக்கள் ஆத்தங்கரையில கட்ட வச்சிருந்த பழைய முறை, எஞ்சினியர் அதப் பாத்துப் பிடிச்சுக்கொண்டார்.

இது உங்களுக்கு விளங்காட்டி நிலாவெளியில ஒரு கிணறு வெட்டேக்க போய் நில்லுங்க. என்ர மாமா வெங்காயத் தோட்டத்துக்குக் கிணறு வெட்டினவர், நான் அப்ப எட்டாம் வகுப்பு. வெறும் மணல், ஒரு முழம் தோண்டினா ரெண்டு முழம் சரிஞ்சு விழும். அதால முதல்ல வளையத்த நிலத்தில வைப்பாங்க, ஒருத்தர் அதுக்குள்ள இறங்கி வளையத்திட காலுக்குக் கீழ இருக்கிற மண்ணச் சுத்தி வர அள்ளுவார், வளையம் தன்ர பாரத்தில தானே இறங்கும், மேல அடுத்த வளையம். ஒரு பக்கம் கூட அள்ளினா சாஞ்சிடும், பிறகு நிமித்திறது பெரிய பாடு, அதால மாமா ஒரு கயித்தில கல்லுக் கட்டித் தொங்கவிட்டு அதப் பாத்துப் பாத்து "கடல் பக்கம் ரெண்டு கை, ரோட்டுப் பக்கம் ஒரு கை" எண்டு சொல்லிக்கொண்டே இருப்பார். சுத்தி வர மண் அமுக்கினா வட்டம் இன்னும் இறுகும், சதுரம் எண்டா சுவர் நடுவில உள்ளுக்க தள்ளும். எக்மோர்ல அந்த வேலை நூத்தைம்பது தரம்.

அடுத்தது கூரை. அது எப்பிடி நிக்குது எண்டு கேட்டீங்க. குவிமாடம் எண்டா பாரத்தக் கீழ மட்டும் அனுப்பாது, வெளியாலயும் தள்ளும். ஆழமான அரைக்கோளம் எண்டா இடுப்பில வெடிக்கப் பாக்கும். இது ஆழமில்லாதது, இப்பிடியானதில உடம்பு முழுக்க அமுக்கம்தான், செங்கல்லுக்கு அமுக்கம் எண்டாச் சந்தோசம், ஆனா விளிம்பில தள்ளிற தள்ளு மோசமா இருக்கும். அந்தத் தள்ள ஆரோ பிடிக்கோணும். இங்க தூண் வட்டத்துக்கு மேல வளையமா ஓடுற வளைவு ஒண்டு கட்டியிருக்கு, குவிமாடம் அதிலதான் இருக்கு, நாலு மூலையில இருக்கிற முன்மண்டபங்களும் அங்கால இங்கால முட்டுக் குடுக்குது எண்டு நான் நினைக்கிறன், வளைவு எழுதி வச்ச சங்கதி, முட்டு என்ர கண் கணக்கு. பாரத்தக் குறைக்க அவங்க செய்த வேலைதான் கெட்டித்தனம். செங்கல்லுச் சட்டம் போட்டு நடுவில சுடுமண் கூம்புகள வச்சு நிரப்பியிருக்காங்க, உள்ளுக்க வெறும் காத்து. இத்தாலியில ரவென்னா எண்ட ஊரில ஆறாம் நூற்றாண்டுக் கோயில் ஒண்டிட குவிமாடமும் இப்பிடிச் சுடுமண் குழாய் அடுக்கினதுதான். எங்கட வீட்டில உறி கட்டித் தொங்கவிடிற பானைய ஏன் மண்ணில செய்யிறம், அதே நியாயம், பாரம் கொஞ்சம் பலம் கூட.

மரம் ஏன் இல்ல எண்டதுக்கு என்ர விடை கறையான். மெட்ராஸ்ல அந்தக் காலத்து வீடெல்லாம் தேக்குத் தீராந்தி போட்டுச் செங்கல்லு அடுக்கின மொட்டை மாடிதான், கறையான் ஏறினா மேல ஒண்டும் தெரியாது, ஒரு நாள் மழைக்கு இறங்கும். டி ஹெவிலண்டுக்கு அதோட செங்கல்லு வளைவில ஒரு பைத்தியமும் இருந்தது. இதுக்குப் பத்து வருசம் முன்ன ஸ்ரீரங்கப்பட்டணத்தில நூறடிக்கு மேல அகலமான ஒரு செங்கல் வளைவத் தன்ர வளவில சும்மா கட்டிக் காட்டினார், இவ்வளவு அகலம் நிக்காது எண்டு சொன்னவங்கட வாய மூட. அது நூறு வருசத்துக்கு மேல நிண்டு 1930கள்லதான் விழுந்தது. அப்பிடி ஒரு ஆளிட்ட கூரைய விட்டா தீராந்தி போடுவாரா?

காதுக்குத்தான் வட்டம் எண்டு மேல சொன்னன். இங்கதான் ஒரு சிக்கல் இருக்கு, உங்கட மண்டபத்துக்கும் இதுதான் முக்கியம். வட்டம் ஆக்களக் கிட்டக் கொண்டு வரும், சரி, ஆனா வளைஞ்ச சுவரும் வளைஞ்ச கூரையும் சத்தத்த ஓரிடத்தில குவிக்கும், கண்ணாடிச் சில்லு வெயிலக் குவிக்கிற மாதிரி. நான் வேலைக்குச் சேந்த புதுசில ஒரு வட்டத் தண்ணித் தாங்கி கட்டி முடிச்சு, தண்ணி விட முதல் உள்ளுக்க இறங்கிப் பாக்கப் போனன். நான் ஒரு பக்கச் சுவரில வெடிப்பு இருக்கோ எண்டு தடவிக்கொண்டு நிக்கிறன், எதிர்ப்பக்கத்தில மேசன் பாஸ் தன்ர கையாளிட்ட மெதுவாக் கதைக்கிறார், "இந்தப் பொடியன் சைன் வைக்காட்டி சம்பளம் அடுத்த மாசம்தான், நல்லாச் சிரிச்சுக் கதை" எண்டு. நாப்பது அடிக்கு அங்கால சொன்னது என்ர காதுக்குள்ள சொன்ன மாதிரிக் கேட்டுது. சிரிச்சிட்டு சைன் வச்சன். ஆனா நடுவில வந்து நிண்டு நான் சத்தமாக் கதைச்சா ஒரு சொல்லும் அவருக்கு விளங்கல்ல, எல்லாம் சுத்திச் சுத்தி ஒண்டோட ஒண்டு மோதிக் கொட்டுது. வட்டம் எண்டா இதுதான், ஒரு இடத்தில ரகசியமும் கேக்கும், இன்னொரு இடத்தில பிரசங்கமும் விளங்காது. எக்மோர்ல பதினாறு தூணும், மூலை மண்டபத்துப் பக்கம் திறக்கிற இலைக் கதவு ஜன்னலும், சனம் நிறைஞ்ச வாங்கும் சத்தத்த உடைச்சுக் கொஞ்சம் காப்பாத்தும். உங்கட 120 பேர் மண்டபத்தில தூண் போட இடமிருக்காது, மொட்டை வட்டமா இருக்கும், தாங்கி மாதிரி.

நீலத்தப் பற்றியும் கேட்டீங்க. கூரை நீலம் சிப்பிச் சுண்ணாம்போட லாபிஸ் லசூலி எண்ட நீலக்கல்லுப் பொடி சேத்த பூச்சு, அதுக்கு மேல பொன் நட்சத்திரம். ஸ்கொட்லாந்து வானத்தில தெரியிற நட்சத்திர அடுக்கு எண்டு சொல்லுவாங்க, கேக்க நல்ல கதை, நட்சத்திரத்த ஒண்டொண்டா ஒப்பிட்டுப் பாத்த ஆள் சொன்னா நம்புவன். சுவர் பளபளப்பு மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு, கடல் சிப்பி சுட்டு, அரைச்சு, முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரைத் தண்ணியும் சேத்து, கடைசிப் பூச்சக் கூழாங்கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு எடுக்கிறது. எங்கட கிழக்கில முருகைக்கல்லுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தது, இப்ப முருகைக்கல்லில கை வைக்கிறது தடை, நல்ல விசயம் தான். இதில ஒரு மனக்குறை சொல்லாமப் போக ஏலாது. பழைய சுண்ணாம்புக் கட்டடம் ஒண்டத் திருத்தேக்க, சீமெந்து பூசாதீங்க எண்டு நான் எழுதிக் குடுத்தும் கேக்காம மேல சீமெந்து பூசினாங்க, வடிவா இருந்தது ரெண்டு மாரிக்கு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்த எடுத்து வெயிலுக்கு விடும், சீமெந்து மூடினா ஈரம் வெளியால வர வழியில்ல, உள்ளுக்கயே உப்புப் பூத்துச் சுவர் மாவாக் கொட்டும். மூண்டாம் மாரியில பூச்சு தோசை மாதிரி முழுசா உரிஞ்சு விழுந்தது, உரிஞ்ச துண்டோட கல்லும் சேந்து வந்தது.

இப்ப உங்கட மண்டபம். வட்டமாக் கட்டலாமா எண்டாக் கட்டலாம், ஆனா நான் எண்டாக் கட்ட மாட்டன். வளைஞ்ச சுவருக்குச் செங்கல்லு தனியாச் செய்யோணும் அல்லது ஒவ்வொண்டையும் வெட்டோணும், பீமுக்குப் பலகை வளைக்கோணும், தகரமோ ஓடோ வட்டத்துக்கு வராது, எல்லாத் துண்டும் கழிவு, இவ்வளவும் செய்து கடைசியில சத்தம் தாங்கிக்குள்ள மாதிரி. குவிமாடம் எண்ட கதையே வேணாம், டி ஹெவிலண்ட் உப்புவெளியில இல்ல. உங்களுக்கு வேண்டியது எண்கோணம். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, இங்கிலாந்தில நொரிச் எண்ட ஊரில பிரெஸ்பிட்டேரியன் சபை ஒண்டு 1756ல முடிச்ச எண்கோணக் கோயில் இண்டைக்கும் நிக்குது, அடுத்த வருசம் மெதடிஸ்ட் சபையத் தொடக்கின ஜோன் வெஸ்லி வந்து அதப் பாத்து ஆசைப்பட்டுத் தன்ர ஆக்களுக்கும் எண்கோணமாக் கட்டச் சொன்னவர், ஹெப்டன்ஸ்டோல்ல 1764ல கட்டினது இப்பவும் நிக்குது. எட்டும் நேர்ச்சுவர், எந்த மேசனும் கட்டுவார், சத்தமும் வட்டம் மாதிரி ஒரு புள்ளியில குவியாது, எட்டுப் பக்கமா உடையும். எதிரெதிர்ச் சுவர் ஒண்டையொண்டு பாக்கிறதால கொஞ்சம் எதிரொலி வரும், அதுக்கு ரெண்டு சுவரில பெரிய ஜன்னலாப் போட்டு விட்டாப் போதும், கடல் காத்தும் வரும்.

கணக்கும் சொல்றன். 40 அடி அகல எண்கோணம் எண்டா 1325 சதுர அடி மட்டில வரும், 120 பேருக்குப் போதும், மேசை, நடைபாதை எல்லாம் சேத்து. ஒரு சுவர் 16 அடி 7 அங்குலம். இதே பரப்ப 22 அடி அகல நீட்டு மண்டபமாக் கட்டினா நீளம் 60 அடி, கடைசி வாங்கில இருக்கிற கிழவிக்கு மைக் இல்லாம ஒண்டும் கேக்காது, எண்கோணத்தில கடைசி ஆள் 36, 37 அடிக்குள்ள. கரண்ட் போற நாளையும் யோசியுங்க. அத்திவாரத்துக்கு மட்டும் என்ர கதையக் கேட்டு முடிவெடுக்காதீங்க, உப்புவெளியில கடலுக்குக் கிட்ட மணல், கொஞ்சம் உள்ளுக்க போனா களியும் வரும், ஒரே வளவுக்குள்ளயும் மாறும், மண் பரிசோதனை எடுத்து ஒரு பட்டம் பெற்ற எஞ்சினியரிட சைனோட செய்யுங்க. நான் டீ.ஓ. எண்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர், எஞ்சினியர் இல்ல, அந்த எல்லை எனக்குத் தெரியும்.

பிளான் கீற முதல் ஒரு வேலை செய்து பாருங்க, செலவில்ல. வளவில 40 அடிக்கு 40 அடி சதுரம் கயிறு பிடிச்சு நாலு மூலையிலயும் முளை அடியுங்க, மூலைவிட்டம் சரியா 56 அடி 7 அங்குலம் வருதா எண்டு ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, வராட்டி சதுரம் கோணல். பிறகு அந்த மூலைவிட்டத்தில பாதி, 28 அடி 3 அரை அங்குலம், அந்த நீளக் கயித்த ஒவ்வொரு மூலையில இருந்தும் ரெண்டு பக்கச் சுவர்க்கோட்டிலயும் பிடிச்சு அடையாளம் வச்சா எட்டு அடையாளம் விழும், எட்டையும் இணைச்சா எண்கோணம், மேசன் பாஸ்மார் கண்ண மூடிக்கொண்டு செய்வாங்க. ஞாயிறு ஆராதனை முடிஞ்ச கையோட பிளாஸ்ரிக் கதிரையளக் கொண்டு போய் அதுக்குள்ள போட்டு எல்லாரையும் இருத்துங்க, உங்கட போதகர் ஐயாவ ஒரு சுவர்ப் பக்கம் நிக்க வச்சு மைக் இல்லாம ஒரு அதிகாரம் வாசிக்கச் சொல்லுங்க. திறந்த வெளியில கூரை இல்லாம, பின்னேரக் கடல் காத்துக்குள்ள கடைசிக் கதிரைக்குக் கேட்டா சுவர் வந்த பிறகு கேக்கிறதப் பற்றி யோசிக்கத் தேவையில்ல. கேக்காட்டி 36 அடியாக் குறைச்சு முளைய மாத்தி அடிச்சுத் திரும்ப இருத்திப் பாருங்க, என்ன அளவு சரி வந்தது எண்டு இஞ்சயே எழுதுங்க, மிச்சக் கணக்கு நான் போட்டுத் தாறன். அம்மாவிட கண் இப்ப எப்பிடி எண்டும் எழுதுங்க.